கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு சிட்டிகை உப்பு

கடலூர் முதுநகர்,
12.2.2006

அன்புள்ள அக்கா,

கதிர்வேல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே எனக்குப் போதும்.

ஆவணியில் எங்கள் வீட்டுப் பந்தலிலிருந்து நீ சாப்பிடாமல் கிளம்பிப் போன பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. போன வாரம் உன் வீட்டுக்கார அம்மா தில்லையம்மாளுக்குப் போன் பண்ணினேன். "டீச்சர் இல்லீங்களே, வெளிய போயிருக்காங்க" என்றார்கள். பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. சரி, இருக்கட்டும்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. உன் மருமகள் இசைவாணிக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம். நிறைக்கும் எடைக்கும் என்ன வேறுபாடு என்று பரீட்சையில் கேட்டிருக்கிறார்கள். பாப்பா உதாரணத்துக்கு 'என் எடை 41 கிலோ' என்று எழுதிவிட்டாள். கிலோ என்பது நிறைக்குத்தான், எடைக்கு நியூட்டன் போட வேண்டும் என்று அவள் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எனக்கே புரியவில்லை. கடைக்காரன் சர்க்கரையை நியூட்டனிலா நிறுக்கிறான்? குடிகாட்டில் எங்கள் கம்பெனி கெமிஸ்டைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், சும்மா கொழப்புறாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிசிக்ஸ் டீச்சரை வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் கெமிஸ்டைக் கேட்க வேண்டும் என்று உன் தம்பி பெண்டாட்டி கயல்விழியும் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
கதிர்வேல்

*

சிதம்பரம்,
1.3.2006

கதிர்வேலுக்கு,

கேள்வி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அதனால் இந்தப் பதில். வேறு எதற்கும் இது பதில் அல்ல.

நீ கம்பெனியில் டிரம் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளுகிறாய். டிரம்மின் கனத்தை நீ சுமக்கவில்லை, சக்கரமும் தரையும் சுமக்கின்றன. அப்படியிருந்தும் அது காலி வண்டி மாதிரிக் கிளம்புகிறதா? முதலில் அசைய மறுக்கும். ஓட ஆரம்பித்தால் நிற்க மறுக்கும். அந்தப் பிடிவாதம் நிறையால் வருவது. உள்ளே எவ்வளவு சரக்கோ அவ்வளவு பிடிவாதம். நிலாவுக்குக் கொண்டு போனாலும் அந்த வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் அதே பாடுதான்.

எடை அப்படியல்ல. அந்த டிரம்மைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதுதான் எடை. நிலா இதில் ஆறில் ஒரு பங்குதான் இழுக்கும். அங்கே டிரம்மைத் தூக்குவது சுலபம். சரக்கு ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்காது, இழுப்புதான் குறைந்திருக்கும்.

கடைக்காரனின் தராசில் ஒரு தட்டில் சர்க்கரை, மறு தட்டில் எடைக்கல். இரண்டையும் பூமி ஒரே மாதிரி இழுப்பதால் இழுப்புக்கு இழுப்பு சரியாகிவிடும். மிஞ்சுவது சரக்குக்குச் சரக்கு. அதனால் தராசு சொல்வது நிறை. நிலாவில் கடை போட்டாலும் தராசு மாறாது. ஆனால் ஸ்டேஷனில் காசு போட்டால் விளக்கு சுற்றுமே, அந்த மெஷினுக்குள் இருப்பது சுருள்வில். நாம் எவ்வளவு அமுக்குகிறோமோ அதைக் காட்டும். அது உணர்வது எடையை. அச்சடிப்பது கிலோவை. பூமியை விட்டுப் போகாதவரை யாருக்கும் நஷ்டமில்லை.

இசைவாணி அந்த மெஷின் சீட்டுகளைச் சேர்ப்பவள் ஆயிற்றே. சாயங்காலங்களில் நான் ஸ்டேஷனுக்குத்தான் நடந்து போகிறேன். அங்கே நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். நேற்று ஏறி நின்றேன். 54. அதை 9.8-ஆல் பெருக்கச் சொல், வருவது என் எடை, நியூட்டனில். சீட்டை அவளிடம் கொடு. பின்பக்கம் 'உறவினரால் நன்மை உண்டு' என்று போட்டிருக்கிறது. அந்த மெஷினுக்கு எடை மட்டும்தான் சரியாகச் சொல்லத் தெரியும்.

அமராவதி

*

கடலூர் முதுநகர்,
20.3.2006

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்த அன்று இரண்டாம் ஷிப்ட். டிரம் வண்டியைத் தள்ளிவிட்டு, நிறுத்திப் பார்த்து, மறுபடி தள்ளிக்கொண்டிருந்தேன். லோடு ஏற்றும் சுப்புராயன், "என்ன சார், வண்டிய தள்றீங்களா, தாலாட்றீங்களா" என்று கேட்டுவிட்டான். அக்கா சொன்ன பாடம் என்றேன். இத்தனை வருடம் தள்ளியிருக்கிறேன். தோள் வலித்தது எடையால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகம். நிலா வேறு, பூமி வேறு, சரி. பூமியிலேயே எல்லா இடத்திலும் ஒரே இழுப்புதானா? கடலூரில் நிறுத்தால் ஒன்று, சிதம்பரத்தில் நிறுத்தால் ஒன்று காட்டுமா?

அக்கா, அன்றைக்கு நடந்ததில் கயல்விழி மேல் தப்பில்லை. அவள் அம்மா சொன்னதற்கு அவள் என்ன பண்ணுவாள். சபையில் பெரியவர்கள் ஏதோ சொல்வார்கள். நீ படித்தவள். பெரிய மனசு பண்ணி மறந்துவிடக் கூடாதா?

கதிர்வேல்

*

சிதம்பரம்,
9.4.2006

கதிர்வேலுக்கு,

முதலில் பாடம். பூமி உருண்டைதான், ஆனால் இடுப்பில் கொஞ்சம் பெருத்தது, போதாததற்குச் சுற்றிக்கொண்டும் இருக்கிறது. அதனால் பூமத்திய ரேகையில் இழுப்பு சற்றுக் குறைவாகவும் துருவத்தில் சற்று அதிகமாகவும் தெரியும். என்னை ரேகையிலிருந்து துருவத்துக்குக் கொண்டு போனால் அந்த மெஷின் கால் கிலோவும் கொஞ்சமும் கூடக் காட்டும், அவ்வளவுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வித்தியாசம் ஒரு சிட்டிகை உப்பு. எந்த ஸ்டேஷன் மெஷினுக்கும் அது தெரியாது.

இனி மற்றது. பெரிய மனசு பண்ணச் சொல்கிறாய்.

உன் மகள் பெரியவளானதும் முதல் போன் எனக்குத்தான் பண்ணினாய். "அக்கா, மொதத் தண்ணி அத்தை நீதான் ஊத்தணும், ஒடனே வா" என்றாய். நான் ஓடினேன். கீழவீதியில் பித்தளைச் செம்பு வாங்கி, அவள் பெயரை வெட்டச் சொல்லி, அந்த ஆள் வெட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றேன். மஞ்சள் கரைத்து, செம்பை நான் கையில் எடுத்த பிறகு உன் மாமியார், "கண்ணாலம் ஆவாதவங்க ஊத்தக் கூடாதுங்க, கொழந்தைக்கு ஆவாது" என்றார். யாரோ என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த நம் பெரியப்பா மகள் தங்கம்மாளைக் கூப்பிட்டு, கையில் வேறு செம்பைக் கொடுத்து, அத்தை என்று நிறுத்தினார்கள். நீ பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கல்யாணம் வேண்டாம் என்பது நானே எடுத்த முடிவு. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்று வருத்தப்பட வைத்துவிட்டீர்கள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இன்னும் ஒரு பாடம் சொல்கிறேன், பரீட்சையில் வராது. பூமி நம்மை இழுப்பது நமக்குத் தெரிவதே இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் தரை நம்மைத் தாங்குவதுதான். காலுக்கடியில் தரை மேலே தள்ளுகிறதே, அதைத்தான் நம் கனம் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அந்த ஸ்டேஷன் மெஷினும் சேர்ந்தே ஒரு கிணற்றுக்குள் விழுந்தால், விழுகிற நேரம் முழுக்க அது பூஜ்யம் காட்டும். என்னில் ஒரு துளி குறைந்திருக்காது. பூமியும் இழுப்பதை நிறுத்தியிருக்காது. தாங்குவதற்கு மட்டும் எதுவும் இருக்காது. அன்று உன் பந்தலில் எனக்கு அப்படித்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனேன். என் கனம் எனக்குத் தெரியவில்லை.

இசைவாணிக்குச் சீட்டு வைத்திருக்கிறேன். 51.

அமராவதி

*

கடலூர் முதுநகர்,
2.5.2006

அன்புள்ள அக்கா,

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். எந்தக் காரணமும் எழுதிப் படித்துப் பார்த்தால் நிற்கவில்லை. உன் கடிதத்தைக் கயல்விழியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். துணி எடுக்க என்றாள், அன்று நாங்கள் துணியே துவைக்கவில்லை.

அந்தச் செம்பு இங்கேதான் இருக்கிறது. இசைவாணி அதை யாரையும் தொட விடுவதில்லை.

சீட்டுகளைப் பீரோ கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருக்கிறாள். நேற்றுத் தலை சீவிக்கொண்டே, "ஏம்ப்பா, அத்தைக்கு மூணு கிலோ எங்க போச்சு?" என்று கேட்டாள். உடம்புக்கு ஏதாவதா? சாப்பிடுகிறாயா? சீட்டு அனுப்பிக்கொண்டே இருக்கச் சொல்கிறாள்.

நான் ஒருநாள் வந்து பார்க்கட்டுமா?

கதிர்வேல்

*

சிதம்பரம்,
10.6.2006

கதிர்வேலுக்கு,

கேட்டிருக்கிறாள் என்பதால் சீட்டை வைக்கிறேன். 47. பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அந்த மெஷின் பழசு. உப்புக் காற்றில் சுருள்வில் துருப்பிடித்திருக்கும். லைனை அகலப் பாதையாக்கப் போகிறார்களாம், எப்படியும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதையும் அவள் நம்பாவிட்டால், சிதம்பரத்தில் பூமி அத்தையை இழுப்பதைக் குறைத்துக்கொண்டது என்று சொல்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பேனா சரியில்லை. வர வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அமராவதி

*

கடலூர் முதுநகர்,
26.6.2006

அக்கா,

மெஷினுக்கு எடை மட்டும்தான் சரியாகச் சொல்லத் தெரியும் என்று எழுதியது நீ. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு சிட்டிகை உப்புதான் வித்தியாசம் என்று எழுதியதும் நீ. இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முதுநகர் ஸ்டேஷன் மெஷினில் நானும் பாப்பாவும் ஏறினோம். எனக்கு 68, அவளுக்கு 42. வண்டி பிடித்துச் சிதம்பரம் வந்து உன் மெஷினில் ஏறினோம். எனக்கு 68, அவளுக்கு 42. வில் துருப்பிடிக்கவில்லை அக்கா. பூமியும் அப்படியேதான் இழுக்கிறது.

உன் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. தில்லையம்மாள் சொன்னார்கள். "ஒரு மாசமா ஸ்கூலுக்கே போவல டீச்சரு. நல்லாத்தான் சாப்புடுறாங்க, ஒடம்புல ஒட்டல. கை நடுங்குது. கேட்டா ஒண்ணுமில்லன்றாங்க. சாயங்காலமானா ஸ்டேஷனுக்குப் போயி ஒக்காந்துக்குறாங்க."

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தோம். கடைசி பெஞ்சில் நீ இருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் மெஷினில் ஏறினாய். ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாய். விளக்கு சுற்றியது. சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றாய். பாப்பா ஓடப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாயே. யார் என்ன சொன்னாலும் கேட்டு நடந்தே பழகிவிட்டது எனக்கு. அன்று பந்தலிலும் அதைத்தான் செய்தேன்.

வண்டியில் அவள், "நீ எப்பவும் இப்டித்தாம்ப்பா, பாத்துக்கினே நிப்ப" என்றாள். பரங்கிப்பேட்டை தாண்டியும் என் பக்கம் திரும்பவில்லை.

உனக்கு என்ன அக்கா? எனக்குச் சொல்லு.

கதிர்வேல்

*

சிதம்பரம்,
4.7.2006

கதிர்,

உனக்கு ஒளியத் தெரியாது. சின்ன வயதிலும் தூணுக்குப் பின்னால் நின்றால் பாதி முதுகு வெளியே தெரியும். நான் மெஷினிலிருந்து இறங்கும்போதே உங்கள் இருவரையும் பார்த்துவிட்டேன். சீட்டில் படிக்க என்ன இருக்கிறது? நீ வருவாய் என்றுதான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. நீங்கள் ஏறிக்கொண்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. உன்னை என்ன குறை சொல்வது.

நிறை எடை சந்தேகம் இசைவாணிக்கு இல்லை என்பதும் முதல் கடிதத்திலேயே தெரியும். அவள் ஏழாவது படிக்கும்போது நானே சொல்லிக்கொடுத்தது அது.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். சாப்பிடுவதையெல்லாம் எரித்துவிடுகிறது. நெஞ்சு சும்மாவே ஓடிக்கொண்டிருக்கிறது, ராத்திரியில் தூக்கமில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பிறகு ஆபரேஷன் என்கிறார்கள். எங்கே போனாலும் நிறை மாறாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இடம் மாறினால் மாறாது. ஆள் கரைந்தால் மாறும்.

ஆபரேஷனுக்குப் பயமில்லை. சேர்வதற்குப் போனால் நர்ஸ், "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்கிறாள். யாருமில்லை என்றேன். "கையெழுத்துப் போட ஆள் வேணும்மா, கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். அடுத்த வாரமும் போனேன், அதே கேள்வி. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன். இந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், கூட வா என்று கூப்பிட ஒரு பெயர் எனக்குத் தோன்றவில்லை. உன் பெயர் தோன்றியது. அதைச் சொல்லத்தான் கோபம் விடவில்லை.

அக்கா

*

கடலூர் முதுநகர்,
7.7.2006

அன்புள்ள அக்கா,

திங்கட்கிழமை காலை முதல் வண்டிக்கு வருகிறேன். கயல்விழியும் வருகிறாள். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறோம் என்று சொல்கிறேன். லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு உன்னை இங்கே கூட்டிவந்துவிடுவோம். ஆபரேஷனும் ஆறுகிற வரைக்கும் இருப்பதும் இங்கேதான்.

இசைவாணி நேற்று அவள் பாட்டி எதிரிலேயே சொல்லிவிட்டாள். "ஆபரேசன் ஆயி, காயம் ஆறி, அத்தைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னிக்கு மொதச் செம்பு நான்தான் ஊத்துவேன். கண்ணாலம் ஆவாதவ ஊத்தக் கூடாதுன்னா எனக்கும் இன்னும் ஆவல, யாரு தடுக்குறாங்கன்னு பாக்குறேன்." என் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

கதிர்வேல்

*

சிதம்பரம்,
24.9.2006

அன்புள்ள கதிர்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தில்லையம்மாள் வாசலைப் பெருக்கி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டு வாசனை. உங்கள் வீட்டுச் சத்தத்துக்கு இரண்டு மாதம் பழகிய காதுக்கு இங்கே கடிகாரம் ஓடுவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்று கயல்விழி சொன்னபோது இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். என் வீடும் இதுதான். தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை இப்போது உன்னிடம் சொல்ல முடிகிறது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். மெஷினை இன்னும் எடுக்கவில்லை. 49. சீட்டை வைத்திருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றிய அன்று நீ ஷிப்டுக்குப் போயிருந்தாய். இசைவாணி சொல்லியிருப்பாள், ஆனால் ஒன்றை அவள் கவனித்திருக்க மாட்டாள். உன் மாமியார் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. அவர் அளவுக்கு அதுவே அதிகம். இசைவாணி அந்தச் செம்பைப் புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்தாள். அவள் பெயர் வெட்டிய செம்பு, முதல் முறையாக அன்றுதான் தண்ணீர் பார்த்தது.

மணையில் உட்காரக் குனிந்தேன். முட்டி மடங்கிவிட்டது, விழப் போனேன். பின்னாலிருந்து கயல்விழி இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். "சாஞ்சுக்குங்க அண்ணி, நான் புடிச்சிருக்கேன்" என்றாள். நான் அவள் மேல் முழுசாகச் சாய்ந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, கையை எடுக்கவில்லை. தண்ணீர் தலையில் விழுந்தது.

ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான், கதிர், என் கனம் எனக்குத் தெரிந்தது.

அக்கா